நேராகவா, நின்று போவதா, சுற்றிச் சுற்றிப் போவதா? விண்கலம் பூமியை விட்டுக் கிளம்பும் மூன்று வழிகள்

2023 ஆகஸ்டில் தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை. ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3, ஆகஸ்ட் 5 அன்றுதான் நிலவைச் சுற்ற ஆரம்பித்தது. ஆகஸ்ட் 11 அன்று கிளம்பிய ரஷ்யாவின் லூனா-25, 16-ஆம் தேதியே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஐந்து நாளில் போகிற இடத்துக்கு நாம் ஏன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம்?" என்று பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரை கேட்கிறார்கள். கல்லூரியில் விண்பயணத் திட்டம் ஒன்றைக் காகிதத்தில் வடிவமைக்கும் மாணவர்களுக்கு இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது: எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்ததற்கு என்ன காரணம் எழுதுவது?

சந்திரயான்-3 கிளம்பியதிலிருந்து ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கும்வரை ஆனது 40 நாள். முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 1 வரை 18 நாள் பூமியைச் சுற்றியது. அடுத்த நான்கு நாள் பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான பயணம். ஆகஸ்ட் 5 முதல் 23 வரை இன்னொரு 18 நாள் நிலவைச் சுற்றியது. ஆக, உண்மையான பயணம் நான்கே நாள். மீதி 36 நாளும் தற்காலிகச் சுற்றுப்பாதைகளில் கழிந்தவை. அந்தத் தற்காலிகப் பாதைகள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அவை எதற்கு, அவற்றால் என்ன லாபம், என்ன நஷ்டம், எப்போது அவை வேண்டவே வேண்டாம்?

பூமியை விட்டுக் கிளம்ப மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தரையிலிருந்து எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் போவது. இரண்டு, தாழ்வான ஒரு பாதையில் கொஞ்ச நேரம் காத்திருந்து, எஞ்சினை மறுபடி பற்றவைத்துப் போவது; இதைத்தான் பார்க்கிங் ஆர்பிட் என்கிறார்கள், நான் காத்திருப்புப் பாதை என்று எழுதுகிறேன். மூன்று, நீள்வட்டப் பாதையில் பல சுற்று சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொண்டு போவது. சந்திரயானும் மங்கள்யானும் போன வழி.

## எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

எஞ்சினை மறுபடி பற்றவைக்க முடியுமா, அது யாருடைய எஞ்சின்? ராக்கெட்டின் மேல் அடுக்கா, விண்கலத்தின் சொந்த எஞ்சினா? மற்ற நான்கையும் விட இதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஏவு சாளரம், அதாவது கிளம்புவதற்கு ஏற்ற நேர இடைவெளி, எவ்வளவு அகலம்? மழை வந்தாலோ, கவுண்ட்டவுன் நின்றாலோ, அன்றே மறுபடி முயல முடியுமா?

எவ்வளவு எடையைக் கொண்டுபோகலாம்? எரிபொருளில் எவ்வளவு வீணாகிறது, கருவிகளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

முக்கியமான நிமிடத்தில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எஞ்சின் பற்றும் இடம் நம் தரை நிலையங்களின் பார்வைக்குள் வருகிறதா?

தவறு நடந்தால் திருத்த நேரம் இருக்கிறதா?

எத்தனை நாள் ஆகும் என்பதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆள் இல்லாத கலத்துக்கு மூன்று வாரம் என்பது பெரிய விஷயமே இல்லை. ஆட்கள் போனால் கணக்கு மாறிவிடும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

## வழி ஒன்று: நிற்காமல் நேராக

1959-இல் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனா-1, லூனா-2, லூனா-3 மூன்றும் இப்படித்தான் போயின. கிளம்புமுன் பூமியைச் சுற்றவே இல்லை. ஏவுதளத்திலிருந்து கிளம்பி, கடைசி அடுக்கு அணையும்போது நிலவுப் பாதையிலேயே இருந்தன.

இதன் பெரிய பலம், எஞ்சினை மறுபடி பற்றவைக்க வேண்டியதில்லை என்பது. அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரே முறை எரிகின்றன. எடையின்மையில் எரிபொருள் என்ன ஆகும், குளிரில் குழாய் உறையுமா என்ற கவலை எதுவும் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் சர்வேயர்-1 நிலவில் மெதுவாகத் தரையிறங்கியதும் இந்த வழியில் போய்த்தான். அதைச் சுமந்த சென்டார் மேல் அடுக்கு விண்வெளியில் மறுபடி பற்றும் என்று அப்போது நம்ப முடியவில்லை. அதனால் நேராக அனுப்பினார்கள், ஜூன் 2 அன்று பத்திரமாக இறங்கியது. அடுத்த ஆண்டு சர்வேயர்-3 போகும்போது சென்டார் தயார். அது காத்திருப்புப் பாதை வழியாகப் போனது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? வடிவியலில். நிலவு மூன்று நாள் கழித்து எங்கே இருக்கும் என்று பாருங்கள். பூமியில் அதற்கு ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கத்தில், பூமிக்கு அருகில், கலத்துக்குக் கடைசி உந்துதல் கிடைக்க வேண்டும். நேராகப் போகும் ராக்கெட் சில நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடுவதால், அந்த இடம் ஏவுதளத்திலிருந்து அதிக தூரத்தில் இருக்க முடியாது. அதாவது உங்கள் ஏவுதளமே நிலவுக்குச் சரியான எதிர்ப்பக்கத்தில் சுழன்று வந்து நிற்க வேண்டும். பைக்கோனூர் வடக்கே 46 பாகையில் இருக்கிறது. நிலவு வானில் நன்றாகத் தெற்கே இறங்கியிருக்கும் சில நாட்களில்தான் அங்கிருந்து இது ஓரளவு கைகூடும். அந்த நாட்களிலும் சாளரம் மிகக் குறுகியது.

திருத்தவும் நேரம் கிடையாது. லூனா-1 நிலவில் மோதவேண்டிய கலம். எஞ்சின் அணையும் நேரத்தில் ஏற்பட்ட சிறு பிழையால் சுமார் 6,000 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் பயனீர்-4 தவறவிட்ட தூரம் சுமார் 60,000 கி.மீ.

இப்படியெல்லாம் சொன்னதும் இது பழங்காலத்து வழி என்று நினைத்துவிட வேண்டாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று இந்த வழியில்தான் போனது. ஏரியன்-5 ராக்கெட்டின் மேல் எஞ்சின் மறுபடி பற்றாத வகை. ஏவுதளமான கூரூ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது. போக வேண்டிய இடமோ சூரியனுக்கு எதிர்த்திசையில் 15 லட்சம் கி.மீ. தூரத்தில் உள்ள புள்ளி. அது நிலவைப் போல மாதாமாதம் வானில் மேலும் கீழும் அலைவதில்லை. இடமும் இலக்கும் பொருந்தின. கிளம்பிய 27-ஆவது நிமிடத்தில் தொலைநோக்கி தனியாகப் பிரிந்தது. ஏவுதல் மிகத் துல்லியமாக அமைந்ததால் மிஞ்சிய எரிபொருள், அதன் ஆயுளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நீட்டித் தந்தது.

## வழி இரண்டு: காத்திருப்புப் பாதை

இன்று பெரும்பாலான நிலவு, கோள் பயணங்களின் வழி இதுதான். எனக்குப் பிடித்த வழியும் இதுவே, ஆனால் இதில்தான் அதிகக் கண்ணீரும் இருக்கிறது.

அப்போலோ-11-ஐ எடுத்துக்கொள்வோம். 1969 ஜூலை 16 அன்று கிளம்பிய சாட்டர்ன்-5, கலத்தைச் சுமார் 185 கி.மீ. உயரத்தில் ஒரு வட்டப் பாதையில் விட்டது. அங்கே வேகம் நொடிக்கு 7.8 கி.மீ., ஒரு சுற்றுக்கு 88 நிமிடம். ஒன்றரைச் சுற்று. அதற்குள் விண்வெளி வீரர்களும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையமும் ஒவ்வொரு கருவியாகச் சரிபார்த்தார்கள், தரை நிலையங்கள் பாதையை அளந்தன, அந்த அளவைக் கொண்டு அடுத்த எரிப்புக்கான எண்களைக் கலத்துக்கு அனுப்பினார்கள். கிளம்பி 2 மணி 44 நிமிடத்தில் மூன்றாம் அடுக்கு மறுபடி பற்றி ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எரிந்தது. வேகம் நொடிக்கு 10.8 கி.மீ. ஆனது, நிலவுப் பயணம் தொடங்கியது.

இங்கே வடிவியல் சிக்கல் தீர்ந்துவிடுவதைக் கவனியுங்கள். ஏவுதளம் எங்கே இருந்தாலும் சரி, நிலவுக்கு எதிர்ப்பக்கம் வரும்வரை கலம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகலாம். வந்ததும் பற்றவைக்கலாம். ஏவும் திசையை நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனால் சாளரம் சில மணிநேரம் வரை விரிகிறது. 1972 டிசம்பரில் அப்போலோ-17-க்கு இது கைகொடுத்தது. கிளம்ப 30 நொடி இருக்கும்போது தானியங்கி அமைப்பில் கோளாறு. 2 மணி 40 நிமிடம் தாமதம். ஆனாலும் அன்றிரவே கிளம்பி, தாமதத்தை வழியில் ஈடுகட்டி, திட்டமிட்ட நேரத்துக்கே நிலவை அடைந்தது. நேரடி வழியாக இருந்தால் அன்றைய முயற்சி அத்தோடு முடிந்திருக்கும்.

சரி, செலவு?

பாதி நிரம்பிய எண்ணெய் டின்னைக் கற்பனை செய்யுங்கள். தரையில் எண்ணெய் அடியில் நிற்கும், குழாயைத் திறந்தால் வரும். எஞ்சின் அணைந்து எடையின்மையில் மிதக்கும் ராக்கெட்டில் அடி என்று ஒன்று கிடையாது. திரவம் சுவரில் ஒட்டிக்கொண்டோ, உருண்டைகளாகவோ, மேல் மூடியின் பக்கமோ போய்விடும். அந்த நிலையில் எஞ்சினைப் பற்றவைத்தால் அது உறிஞ்சுவது வாயுவை. அதனால் பெரிய எஞ்சினுக்கு முன்பாகச் சிறு உந்திகளை எரித்து, கலத்தை லேசாக முன்னே தள்ளி, திரவத்தை அடியில் படியவைக்க வேண்டும். சோவியத்தின் மோல்னியா ராக்கெட்டின் நான்காம் அடுக்கில் இதற்கென்றே சிறு திட எரிபொருள் உந்திகள் இருந்தன.

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1964 டிசம்பர் 11 அன்று சென்டாரின் நான்காம் சோதனை காட்டியது. படியவைக்கும் உந்துதல் போதவில்லை. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் மேல்பக்கம் போய், அழுத்தத்தை வெளியேற்றும் துளை வழியாகத் திரவமாகவே வெளியேறியது. அந்தப் பீச்சலில் ராக்கெட் கட்டுப்பாடின்றிச் சுழல ஆரம்பித்தது. எஞ்சின் மறுபடி பற்றவில்லை. சர்வேயர்-1 நேராகப் போகவேண்டி வந்ததன் பின்னணி இதுதான். சாட்டர்ன் மூன்றாம் அடுக்குக்காக 1966 ஜூலை 5 அன்று ஒரு ராக்கெட்டை அனுப்பி, ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே தொலைக்காட்சிக் கேமரா வைத்து, திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். அப்படியிருந்தும் 1968 ஏப்ரல் 4 அன்று ஆள் இல்லாமல் போன அப்போலோ-6-இல் அந்த அடுக்கு மறுபடி பற்ற மறுத்தது.

காத்திருப்புப் பாதையில் கைவிடப்பட்ட கலங்களின் பட்டியல் நீளமானது. ரேஞ்சர்-1, ரேஞ்சர்-2 இரண்டும் 1961-இல் ஏஜெனா அடுக்கு மறுபடி சரியாக எரியாததால் பூமிக்கு அருகிலேயே சிக்கி எரிந்து விழுந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் வெள்ளிக் கோளுக்குச் சோவியத் அனுப்பிய முதல் கலமும் அப்படியே சிக்கியது. எட்டு நாள் கழித்து அதே முறையில் போன வெனேரா-1 வென்றது. காத்திருப்புப் பாதையிலிருந்து இன்னொரு கோளுக்குக் கிளம்பிய முதல் கலம் அது.

2011 நவம்பரில் போபோஸ்-கிரண்ட். செவ்வாயின் துணைக்கோளிலிருந்து மண் கொண்டுவர வேண்டிய 13 டன் கலம். காத்திருப்புப் பாதைக்கு நன்றாகவே வந்து சேர்ந்தது. அதன் எஞ்சின் பற்றவேண்டிய இடம் ரஷ்யத் தரை நிலையங்களின் பார்வைக்கு வெளியே இருந்தது. பற்றவில்லை. ஏன் என்பதை அந்த நிமிடத்தில் பார்க்கவும் ஆள் இல்லை. இவ்வளவு தாழ்வான பாதையில் மெல்லிய காற்று கலத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 2012 ஜனவரி 15 அன்று பசிபிக்கில் விழுந்தது. என் நான்காவது கேள்வி இந்தச் சம்பவத்திலிருந்து வந்ததுதான். அப்போலோ காலத்தில் இதற்காகவே கடலில் கப்பல்களையும் வானில் விமானங்களையும் நிறுத்திவைத்தார்கள். அந்தச் செலவு ராக்கெட்டின் விலைப்பட்டியலில் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972 மார்ச் 31 அன்று வெள்ளிக்குக் கிளம்பிய ஒரு சோவியத் கலம், மேல் அடுக்கு பாதியில் அணைந்ததால் பூமியைச் சுற்றும் நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. காஸ்மோஸ்-482 என்று பெயரிட்டார்கள். வெள்ளியின் கொதிக்கும் காற்றைத் தாங்கக் கட்டிய அதன் இறங்குகலம் 53 ஆண்டுகள் பூமியையே சுற்றி, 2025 மே 10 அன்றுதான் விழுந்தது. அதே வாரத்தில் கிளம்பிய அதன் இரட்டையான வெனேரா-8, வெள்ளியில் இறங்கித் தகவல் அனுப்பியது. இரண்டுக்கும் கட்டுமானத்தில் வேறுபாடு இல்லை. வேறுபட்டது ஓர் எரிப்பு.

## வழி மூன்று: சுற்றிச் சுற்றி உயர்வது

இதைப் பலரும் ஏழையின் வழி என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. கையில் உள்ள எஞ்சினைத் தெரிந்துகொண்டு போடும் கணக்கு இது.

மங்கள்யானின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2013 நவம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி. அதை, பூமிக்கு மிக அருகே வரும் அண்மைப் புள்ளியில் 248 கி.மீ., மிகத் தூரம் போகும் சேய்மைப் புள்ளியில் 23,550 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விட்டது. அங்கிருந்து செவ்வாய்க்குக் கிளம்ப நொடிக்குச் சுமார் 1.5 கி.மீ. கூடுதல் வேகம் வேண்டும். கலத்தின் எடை 1,337 கிலோ. அதன் எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன், அதாவது தரையில் ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கக்கூடப் போதாத விசை. இதை ஒரே தடவையில் எரித்து முடிக்க என் கணக்கில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆகும். ஆனால் பூமிக்கு மிக அருகில், மிக வேகமாகப் போகும் அந்தச் சில நிமிடங்களில் எரிக்கும் எரிபொருளுக்குத்தான் பலன் அதிகம். ஒரு மணிநேரம் எரித்துக்கொண்டே போனால் கலம் பல ஆயிரம் கி.மீ. விலகிவிடும், பிற்பகுதி எரிபொருளில் பெரும்பங்கு வீண்.

அதனால் அண்மைப் புள்ளிக்கு வரும்போதெல்லாம் சில நிமிடம் எரித்து அணைப்பார்கள். அடுத்த சுற்றில் சேய்மைப் புள்ளி இன்னும் தூரம் போகும். மறுபடி வரும்போது மறுபடி எரிப்பு. கடைசியாக டிசம்பர் 1 அதிகாலையில் 22 நிமிடம் எரித்து, நொடிக்கு 648 மீட்டர் சேர்த்து, மங்கள்யான் பூமியை விட்டு விடுபட்டது.

இந்த வழியின் தனிச்சிறப்பு என் ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது. நவம்பர் 11 அன்று நான்காம் எரிப்பில் சேய்மைப் புள்ளியை ஒரு லட்சம் கி.மீ.க்கு உயர்த்தத் திட்டம். எஞ்சினுக்கு எரிபொருள் விடும் வால்வைத் திறக்கும் முதன்மை மின்சுருளையும் மாற்று மின்சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிச் சோதித்தார்கள்; ஓட்டம் நின்றுவிட்டது. சேய்மை 78,276 கி.மீ. வரைதான் போனது. போபோஸ்-கிரண்டாக இருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். இங்கே மறுநாளே ஒரு கூடுதல் எரிப்பு, சேய்மை 1,18,642 கி.மீ. ஆனது. இரண்டு சுருளையும் சேர்த்து இயக்கக்கூடாது என்ற பாடமும் பூமிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. செவ்வாய்க்கு அருகில் அதைக் கற்றிருந்தால் கலமே கையில் இருந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, ராக்கெட் செய்ய வேண்டிய வேலையைக் கலம் செய்கிறது. மங்கள்யானின் 1,337 கிலோவில் 852 கிலோ எரிபொருள். அறிவியல் கருவிகள் ஐந்து, மொத்தம் சுமார் 15 கிலோ. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பூமியை விட்டுக் கிளம்பவே எரிபொருளில் பெரும்பகுதி போய்விட்டது.

இரண்டாவது, கதிர்வீச்சு. பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் வளையங்களை ஒவ்வொரு சுற்றிலும் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கடக்க வேண்டும். மின்னணுக் கருவிகளை அதற்கேற்பக் காப்பாற்றியாக வேண்டும். மனிதர்கள் போகும் பயணத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்றாவது, நாள்காட்டி. செவ்வாய்க்குச் சாளரம் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறை. அதற்குள் எல்லாச் சுற்றும் முடிந்து, கடைசி எரிப்பு குறித்த நாளில், குறித்த திசையில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜப்பானின் நோசோமிக்கு நடந்ததுதான் நடக்கும். 1998 ஜூலையில் கிளம்பி, பூமியைச் சுற்றி, நிலவின் ஈர்ப்பையும் இரண்டு முறை பயன்படுத்திக்கொண்டது. டிசம்பர் 20 அன்று பூமியைக் கடக்கும்போது செய்யவேண்டிய எரிப்பில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை. வேகம் போதவில்லை, திருத்தப்போய் எரிபொருள் கரைந்தது. வேறு பாதையில் பல ஆண்டுகள் சுற்றி 2003-இல் செவ்வாயை நெருங்கியும் அதைச் சுற்ற முடியவில்லை.

தரைக் கண்காணிப்புச் செலவு இங்கேயும் உண்டு. மங்கள்யானுக்குத் தேவையான நீள்வட்டத்தின் திசைக்காகப் பி.எஸ்.எல்.வி. மூன்றாம் அடுக்கு அணைந்த பிறகு சுமார் 25 நிமிடம் மிதந்து சென்று, தென் பசிபிக்கின் மேலே நான்காம் அடுக்கைப் பற்றவைத்தது. அதைப் பார்க்க நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களை அனுப்பினார்கள். கடல் கொந்தளித்ததில் கப்பல் குறித்த நேரத்தில் போய்ச்சேர முடியவில்லை. அக்டோபர் 28 அன்று நடக்கவேண்டிய ஏவுதல் நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம். அடுக்கு பற்றும்போது கண் இல்லாமல் ஏவமாட்டோம் என்று காத்திருந்தார்களே, அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | நேராக | காத்திருப்புப் பாதை | சுற்றிச் சுற்றி |
|---|---|---|---|
| மறுபற்றவைப்பு | தேவையில்லை | மேல் அடுக்கு ஒரு முறையாவது | கலத்தின் எஞ்சின் பல முறை |
| ஏவு சாளரம் | மிகக் குறுகியது | சில மணிநேரம் வரை | ஏவும் நாளில் தாராளம், கிளம்பும் நாள் கறார் |
| கொண்டுபோகும் எடை | இடம் பொருந்தினால் நல்லது | பொதுவாக மிக நல்லது | சிறிய ராக்கெட்டுக்கு வேறு வழியில்லை |
| தரைக் கண்காணிப்பு | சுலபம் | மறுபற்றும் இடம் தொலைவில் விழலாம் | பல நாள், பல எரிப்பு |
| திருத்த நேரம் | ஏறக்குறைய இல்லை | சில மணிநேரம் | நாட்கள், வாரங்கள் |
| கதிர்வீச்சு | ஒரே கடப்பு | ஒரே கடப்பு | பல கடப்பு |

அட்டவணை சொல்லாததை ஒரு ஜோடி சொல்லும். மங்கள்யான் கிளம்பிய 13 நாள் கழித்து, நவம்பர் 18 அன்று, அமெரிக்காவின் மேவன் கிளம்பியது. அட்லஸ்-5 ராக்கெட், சென்டார் அடுக்கு, அரை மணிநேரத்துக்கும் குறைவான காத்திருப்பு, ஒரு எரிப்பு, நேரே செவ்வாய். 2014 செப்டம்பர் 22 அன்று போய்ச் சேர்ந்தது. மங்கள்யான் 24 அன்று. பத்து மாதப் பயணத்தில் இரண்டு நாள் வித்தியாசம். மேவன் 2,454 கிலோ, எட்டுக் கருவிகள். மங்கள்யான் சுமார் 450 கோடி ரூபாய்த் திட்டம். வேகத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. பேதம் எவ்வளவு சுமந்தது, எவ்வளவு செலவழித்தது என்பதில்தான்.

சந்திரயான்-3 கதையும் அப்படியே. அதை ஏந்திய எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் அடுக்கு அந்தப் பயணத்தில் ஒரே முறை எரிந்தது. 3,900 கிலோவை 170 × 36,500 கி.மீ. பாதையில் விட்டது. மிச்சத்தைக் கலம் செய்தது. லூனா-25-இன் எடை 1,750 கிலோ; பலமுறை பற்றும் ஃப்ரெகாட் அடுக்கு அதை அன்றே நிலவுப் பாதையில் தள்ளியது. எடை பாதிக்கும் குறைவு என்பதைக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. லூனா-25 கடைசியில் நிலவில் மோதியதற்கும் அது தேர்ந்தெடுத்த வழிக்கும் சம்பந்தமில்லை. நிலவைச் சுற்றும்போது ஆகஸ்ட் 19 அன்று 84 நொடி எரியவேண்டிய எஞ்சின் 127 நொடி எரிந்தது. குறுக்கு வழியில் போனதால் விழுந்தது என்று சொல்வது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

## போய்ச் சேர்ந்த இடத்தில் இதே கேள்வி

கிளம்பும்போது முடிவெடுத்தால் போதாது. இறங்கும் கலமாக இருந்தால், நேரே இறங்குவதா, முதலில் அந்தக் கோளைச் சுற்றிக் காத்திருப்பதா?

காத்திருப்பதற்கான வாதத்தை 1971 சொல்லிவிட்டது. அந்த ஆண்டு செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. சோவியத்தின் மார்ஸ்-2, மார்ஸ்-3 இரண்டும் இறங்குகலங்களைச் சுற்றுப்பாதைக்கு வருமுன்பே பிரித்து நேரே இறக்கும்படி அமைக்கப்பட்டவை. நிறுத்த வழியில்லை. மார்ஸ்-2 மோதியது, மார்ஸ்-3 டிசம்பர் 2 அன்று இறங்கிச் சில நொடிகள் மட்டும் தகவல் அனுப்பி மௌனமானது. அதே நேரத்தில் செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்காவின் மரைனர்-9 புயல் அடங்கும்வரை சும்மா இருந்து, பிறகு கோள் முழுவதையும் படம் எடுத்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து வைக்கிங்-1 இறங்குகலத்தோடு செவ்வாயைச் சுற்றியது. 1976 ஜூலை 4, அமெரிக்காவின் 200-ஆவது சுதந்திர நாளில் இறங்கத் திட்டம். சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களில் அந்த இடம் கரடுமுரடாகத் தெரிந்தது. விழாவை விட்டுவிட்டு வேறு இடம் தேடி ஜூலை 20 அன்று இறங்கினார்கள்.

ஆனால் சுற்றுவதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைப் பூமியிலிருந்து சுமக்க வேண்டும். 2021-இல் இரண்டு வழியும் அருகருகே நடந்தன. சீனாவின் தியான்வென்-1 பிப்ரவரி 10 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்து, மூன்று மாதம் இடத்தை ஆராய்ந்து, மே 15 அன்று ஜூரோங் ஊர்தியை இறக்கியது. அமெரிக்காவின் பெர்சவரன்ஸ் எங்கும் நிற்காமல் பிப்ரவரி 18 அன்று நேரே இறங்கியது. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாததற்குக் காரணம், 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் வேறொரு அமெரிக்கக் கலம் எடுத்துவைத்த படங்கள். யாரோ முன்னமே காத்திருந்துவிட்டார்கள்.

உங்களிடம் நல்ல வரைபடம் இருந்தால் நேரே இறங்குங்கள். இல்லையென்றால் சுற்றுங்கள். நிலவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் சூரியத் தகடுகளுக்கு 14 நாள் வெயில் கிடைக்கும். சந்திரயான்-3 நிலவைச் சுற்றிய அந்த இரண்டாவது 18 நாளில், பாதையைத் தாழ்த்திக்கொண்டே அந்த விடியலுக்கும் காத்திருந்தது. முன்னமே போயிருந்தாலும் முன்னமே இறங்கியிருக்க முடியாது.

## யாருக்கு எது?

ஆட்கள் போகும் பயணமா? குறுகிய காத்திருப்புப் பாதை. கிளம்பிய பிறகு எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு சுற்று, ஏதாவது தவறினால் சில மணிநேரத்தில் வீடு திரும்பும் வாய்ப்பு. வாரக்கணக்கில் கதிர்வீச்சு வளையங்களைக் கடப்பது மனித உடலுக்கு ஆகாது.

மறுபடி பற்றும், பலமுறை நிரூபித்த மேல் அடுக்கு கிடைக்கிறதா, அதன் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா? அப்போதும் காத்திருப்புப் பாதைதான். ஆனால் மறுபற்றவைப்பு எந்த நாட்டின் மேலே நடக்கும் என்று முதல் நாளே வரைபடத்தில் குறியுங்கள். அங்கே கண் இல்லையென்றால் கப்பலுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

மேல் அடுக்கு ஒரே முறைதான் எரியும், இலக்கு ஏவுதளத்தோடு நன்றாகப் பொருந்துகிறது, அரை மணிநேரச் சாளரத்தைச் சமாளிக்க முடியும் என்றால் நேராகப் போங்கள். இந்த மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம், வந்தால் விடக்கூடாது.

ராக்கெட் சிறியது, அல்லது வேறொரு பெரிய செயற்கைக்கோளோடு பங்கு போட்டு ஏறுகிறீர்கள் என்றால் சுற்றிச் சுற்றிப் போவதுதான். 2019-இல் இஸ்ரேலின் பெரஷீட் அப்படித்தான் இன்னொரு செயற்கைக்கோளோடு ஃபால்கன்-9-இல் ஏறி, பூமியைச் சுற்றிச் சுற்றி உயர்ந்து நிலவை அடைந்தது, தரையிறங்கும்போதுதான் நொறுங்கியது. எஞ்சின் இன்னும் சிறிதாக, மின்னுந்தியாக இருந்தாலும் முடியும், பொறுமை வேண்டும்: ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1, 2003 செப்டம்பரில் கிளம்பி சுருள் சுருளாக உயர்ந்து 2004 நவம்பரில் நிலவை அடைந்தது.

சுற்றுகளைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் குழுக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். திட்டத்தில் ஒரு உபரிச் சுற்று விட்டிருக்கிறீர்களா? நான்காம் எரிப்பு பாதியில் நின்றால், மறுநாள் அண்மைப் புள்ளியில் ஐந்தாவது எரிப்பு செய்து, அப்போதும் கிளம்பும் தேதியைப் பிடிக்க முடியுமா? மங்கள்யான் அட்டவணையில் நவம்பர் 12-க்கு எந்த எரிப்பும் எழுதியிருக்கவில்லை. இடம் இருந்தது.